பரண் ஒழித்தலில் சாட்சியின் பங்கு

ஒருவர் பரணிலிருந்து வேண்டாத சாமான்களைக் கழிக்கும்போது, அந்த வேலையில் கை வைக்காமல் அதே அறையில் சும்மா உட்கார்ந்திருக்கும் இன்னொருவரே சாட்சி எனப்படுவார். போகிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையில் இவருக்குக் கிராக்கி அதிகம். ஏணியைப் பிடிப்பவர் சாட்சி ஆகமாட்டார், அவர் வேலையாள்.

சாட்சி இல்லாத ஒழிப்பு எங்கும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. முதல் அட்டைப்பெட்டி இறங்கும். மூடி தொலைந்த மிக்ஸி ஜார், பிடி உடைந்த குக்கர், பேர் வெட்டிய எவர்சில்வர் தூக்கு, எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிக்கொத்து எல்லாம் வெளியே வரும். அடியில் விரித்த பழைய செய்தித்தாளில்தான் வினை. இறக்கியவர் அதைப் படிக்க உட்கார்ந்து, அன்றைய தங்க விலையைப் பார்த்துவிடுவார். அதற்குமேல் வேலை ஓடாது. சாயங்காலம் பெட்டி பழைய இடத்துக்கே ஏறும், கூடுதலாக ஒரு மஞ்சப்பையுடன்.

எதிரே ஒருவர் இருந்தால் பழைய பேப்பரைப் படிக்க மனம் கூசும். ‘என்றைக்காவது உதவும்’ என்று மூடியில்லாத ஜாரைப் பார்த்து மனசுக்குள் சொல்லிக்கொள்ளலாம். பிறர் காதுபடச் சொல்ல நா எழாது. சாட்சி மறுத்துப் பேச வேண்டியதில்லை.

இதற்கான ஆதாரம் கரப்பான்பூச்சிகளிடமிருந்து கிடைத்திருக்கிறது. துணைக்கு ஆள் இருந்தால் சைக்கிள் பந்தயக்காரர்களின் வேகம் கூடுவதை 1898-லேயே உளவியலாளர் நார்மன் டிரிப்லெட் எழுதிவிட்டார். ஆனால் 1969-இல் உளவியலாளர் ராபர்ட் ஸாயன்ஸும் சகாக்களும் சோதனைக்கு எடுத்துக்கொண்ட பிராணியைவிடப் பரணுக்கு நெருக்கமானது வேறில்லை. மற்ற கரப்பான்கள் பார்த்துக்கொண்டிருக்க, நேர்வழியில் ஓடிய கரப்பான் வேகமாக ஓடியது; திருப்பம் உள்ள வழியில் கூடுதல் நேரம் எடுத்தது. எளிய வேலைக்குப் பார்வையாளர் துணை, யோசிக்க வேண்டிய வேலைக்கு இடைஞ்சல். எனவே பாத்திரம், பாட்டில், கிழிந்த துணிக்குச் சாட்சி ஏற்றவர். பத்திரமும் பாலிசியும் கிடக்கும் டிரங்குப் பெட்டியைத் திறக்குமுன் அவரை அனுப்பிவிடுவது உத்தமம். சொத்து விவரம் வெளியே போகாது என்பது உபரி லாபம்.

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டோ பூ கட்டிக்கொண்டோ அவ்வப்போது நிமிர்ந்து பார்ப்பவர் முதல் தரம். செல்போனில் மூழ்கியவர் பரவாயில்லை ரகம். வாய் திறப்பவரே கடைசி. ‘நல்லாத்தானே இருக்கு?’ என்ற ஒரு கேள்வி அரை மூட்டைச் சாமானைத் திரும்ப ஏற்றிவிடும். கணவனோ மனைவியோ சாட்சியானால், ஜார் மூடியைத் தொலைத்தது யார் என்ற பழைய வழக்கு கிளம்பும். தூக்கில் வெட்டியிருப்பது மாமியாரின் பேராக இருந்தால் அவர் சாட்சியே அல்லர், வாதி.

வெளியூரில் இருக்கும் அக்காவை வீடியோ காலில் அழைத்து, போனை ஹார்லிக்ஸ் பாட்டிலில் சாய்த்து வைப்பதும் வழக்கத்துக்கு வந்துவிட்டது. பலன் உண்டு, சிக்னல் இருக்கும்வரை.

பழைய பேப்பர்காரரின் தராசில் மூட்டை ஏறும்வரை சாட்சி எழுந்திருக்கக் கூடாது. நடுவில் கிளம்பினால் குக்கர் மூட்டையை விட்டு வெளியே வந்துவிடும். கூலி ஒரு காபி, தாராளமான வீடுகளில் வாழைக்காய் பஜ்ஜியும் சேரும். குக்கரையே அவர் தலையில் கட்டுவது முறையாகாது.