சீட்டை இறக்கிடலாம் சார்

முந்தாநாள் மூலக்கடைப் பக்கம் சைக்கிள் வாங்கப் போனேன். சர்க்கரைக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து அது. என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். அந்த ஒரு அங்குலம் செருப்பினுடையது. கடைப் பையன் என்னை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தான். அதிக நேரம் பிடிக்கவில்லை. "சீட்டை இறக்கிடலாம் சார்" என்றான்.

இந்த மூன்று வார்த்தையை ஐம்பது வருஷமாகக் கேட்கிறேன். கட்டையானவர்கள் சைக்கிள் வாங்கும்போது பார்க்க வேண்டியது உண்மையில் ஒன்றே ஒன்றுதான். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சீட்டு இறங்கும், குறுக்கே போகிற பார் இறங்குமா? கொடுங்கையூர் குப்பை லாரி பின்னால் உறுமிக்கொண்டிருக்க, சிக்னலில் சட்டென்று காலை ஊன்றும்போது அந்தக் கம்பி எங்கே போய் இடிக்கும் என்பதைக் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது. சரி, இறக்கினான். முழங்கால் வயிற்றில் முட்டியது. (வயிற்றின் பங்கும் இதில் உண்டு.) ஹேண்டில் பார் இருந்த இடத்திலேயே இருந்தது, பரண்மேல் இருக்கும் அண்டாவை எட்டுகிற மாதிரி அதை எட்டினேன். "சீட்டை முன்னாடி தள்ளிடலாம் சார்." தள்ளினான். இப்போது முழங்கால் பெடலைத் தாண்டி முன்னால் போய் நின்றது. "ஹேண்டில் பாரைப் பிடிக்கிற ஸ்டெம்மைச் சின்னதா மாத்திடலாம் சார்." கையில் ஸ்பேனர்தான் இருந்தது, நல்லவேளை, ரம்பம் இல்லை.

அடுத்து சின்ன சைஸ் பிரேம். சட்டை மாதிரி 'எஸ்' என்று ஸ்டிக்கர். அதிலும் ஆறடி ஆளுக்குப் போடுகிற அதே 700சி சக்கரம், ரிம் 622 மில்லிமீட்டர். பிரேமைச் சுருக்கியவர்களுக்குச் சக்கரம் ஞாபகம் வரவில்லை. கடை வாசலில் மெதுவாக ஒரு வளைவு வளைத்தேன். பெருவிரல் முன்சக்கரத்தில் போய் உரசியது. அமெரிக்காவில் ஜார்ஜினா டெர்ரி என்ற அம்மாள் 1985-லேயே கம்பெனி தொடங்கி, குட்டையான பெண்களுக்காக முன்னால் 24 இன்ச் சக்கரமும் பின்னால் பெரிய சக்கரமுமாகச் சைக்கிள் செய்து விற்றதைப் பையனுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான். "அந்த மாடல் வர்றதில்ல சார். லேடீஸ் சைக்கிள் பாக்குறீங்களா?"

எனக்கு வந்ததே கோபம்.

அப்பாவின் சைக்கிள் 24 இன்ச் பிரேம். அதன் பார் என் மார்புக்கு நிற்கும். பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்கு பெடல் போட்டே சர்மா நகர் வரைக்கும் போய் வந்தவன் நான். 2024-ல் அதே பேரில் படம் வந்தபோது தியேட்டரில் பக்கத்து சீட்டுக்காரர் கண்கலங்கினார். எனக்கு இடுப்புதான் வலித்தது. அவருக்கு அது ஆறாம் வகுப்போடு முடிந்த கதை, நான் பி.காம். வரை போட்டேன்.

வீட்டுக்கு வந்தால் மாடிப்படிக்கு அடியில் மகளின் சைக்கிள், பிளஸ் ஒன்னில் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. குறுக்கே பார் கிடையாது. ஏறினேன். கால் தரையில் பதிந்தது, கை எட்டியது, விரல் எதிலும் உரசவில்லை. முன்கூடை கடகடக்கத் தெருவில் ஒரு சுற்று வந்தேன். பக்கத்து வீட்டுப் பொடியன், "தாத்தா, அக்கா திட்டும்" என்றான்.

கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அந்த ஒன்று... இருங்கள், பின்டயரில் காற்றே இல்லை. பஞ்சர் கடைக்காரர் ஒன்பது மணிக்கெல்லாம் மூடிவிடுவார்.