ஆறு வயதுப் பட்டதாரிகள்

மலேசியாவின் தம்பின் வட்டாரத்தில் ஒரு பாலர் பள்ளியின் பட்டமளிப்பு விழாவுக்குப் போயிருந்தேன். ஆமாம், பட்டமளிப்புதான். கறுப்பு அங்கி, சதுரத் தொப்பி, தொப்பியில் ஆடும் குஞ்சம். பிரமுகர், பிரமுகருக்குப் பொன்னாடை, பிரமுகர் வந்து சேர இரண்டு மணி நேரத் தாமதம், எதற்கும் குறைவில்லை. பட்டதாரிகள் நாற்காலியில் தூங்கி விழுந்துகொண்டிருந்தார்கள். அதில் ஒரு பட்டதாரிக்கு அவசரமாக ஒன்றுக்கு வந்துவிட்டது. கழிப்பறை வாசல்வரை ஓடியவன், கால்சட்டைப் பொத்தானைக் கழற்றத் தெரியாமல் நின்று அழுதான். அம்மா வருவதற்குள் அங்கி நனைந்துவிட்டது. மேடையில் அந்நேரம் பிரமுகர், “இவர்கள் நாளைய விஞ்ஞானிகள்” என்று முழங்கிக்கொண்டிருந்தார்.

பொத்தானைக் கழற்றத் தெரியாத விரல் பென்சிலை மட்டும் எப்படிப் பிடிக்கும்? உலக்கையைப் பிடிப்பதுபோல் முஷ்டிக்குள் பிடிக்கும். “பையனுக்கு மோட்டோர் ஹாலுஸ் பத்தல” என்று டீச்சர் சொல்லியனுப்பினாராம். பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. “ஆறு வயசுப் புள்ளைக்கு எதுக்கும்மா மோட்டாரு? லைசென்சுக்கே பதினாறு ஆகணுமே!”

பாட்டி கேட்டது தவறில்லை. மலாயில் ‘ஹாலுஸ்’ என்றால் நுண்மை. விரல்களிலும் மணிக்கட்டிலும் உள்ள சின்னஞ்சிறு தசைகள் சொன்னபடி கேட்பதுதான் இந்த மோட்டார். தேசியப் பாலர் பள்ளிக் கலைத்திட்டத்திலேயே இது இருக்கிறது. ஏட்டில் பத்திரமாக இருக்கிறது.

வகுப்பில் இருப்பது வேறு. நான்கு வயதுப் பிள்ளையின் முன் பயிற்சித் தாள். புள்ளிகளைத் தொட்டுத் தொட்டு ‘ஞ’ எழுது, ‘ண’ எழுது, கோட்டுக்கு வெளியே போகாதே! மூன்று வயதில்தான் வட்டம் வரும். நான்கில் குறுக்கும் நெடுக்குமாகச் சிலுவைக்கோடு. முக்கோணம் வர ஐந்தாகும். பிறந்த குழந்தையின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால் எலும்பே தெரியாது, எல்லாம் குருத்து. எட்டு எலும்புகளும் ஒவ்வொன்றாக இறுகி வரும். கடைசி எலும்பு தலைகாட்ட எட்டு வயதுக்கு மேலாகும். அந்தக் குருத்தை முறுக்கி மூன்று சுழி போட வைக்கிறோம். தமிழ் ஒரு புறம், மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் உரோமன் எழுத்து மறுபுறம். பெற்றோருக்கு இது போதுமா? போதாது. வீட்டுப்பாடம் கொடுக்காத பாலர் பள்ளி நல்ல பள்ளியே இல்லை என்று பக்கத்துப் பள்ளிக்கு மாற்றுகிறோம். அங்கே புத்தகப் பை இன்னும் ஒரு கிலோ கூடுதல். ஆகவே தரமும் கூடுதல்.

இந்தக் கூத்து எந்த ஊரில் நடக்கிறது என்பதுதான் வயிற்றெரிச்சல். தம்பின், கெமெஞ்சே, கெமாஸ் என்று தோட்டம் தோட்டமாக நம் தாத்தா பாட்டிகள் பால்மரம் வெட்டிய மண் இது. பால் வெட்டுவது லேசான காரியமா? விடியாத இருட்டில், சாய்ந்த கோட்டில், பட்டையை ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவ வேண்டும். மேலாகச் சீவினால் பால் வராது. ஒரு மயிரிழை ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். மண்டோரின் வாயில் நம் பரம்பரையே நாறும். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான மரங்கள். இதைவிட நுண்மையான மோட்டார் எந்தப் பல்கலைக்கழகத்தில் இருந்தது? அந்த விரல்கள்தாம் சம்பள நாளில் கிராணியின் மேசை முன் நின்று மையில் தோய்ந்து கைநாட்டு வைத்தன. கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர்களுக்குப் பேனா பிடிக்கக் கற்றுக்கொடுக்க நேரமில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. ஏழு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம். துரைமார் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். ஒரு கொட்டகை போட்டார்கள். பல தோட்டங்களில் கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். ஏழுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஆயாக்கொட்டகை: வரிசையாகப் புடவைத் தொட்டில், ஓர் ஆயா, முடிந்தது பாலர் கல்வி.

உடனே ‘அந்தக் காலத்துப் பிள்ளைகள் கை எவ்வளவு உரம்’ என்று யாரும் உருக வேண்டாம். ஒட்டுப்பால் பிய்த்து, மங்கு துடைத்துத்தான் அந்தக் கை உரமேறியது. அதற்குப் பேர் விளையாட்டல்ல, கூலியில்லாத வேலை.

இப்போது ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயம் போய் அடுக்குமாடி வந்தது. ஆயாக்கொட்டகை கைப்பேசிக்குள் குடிபோய்விட்டது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் திரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், இரண்டு வயதுக்குள் வேண்டவே வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. நாம் ஒரு வாய் சோற்றுக்கு ஒரு காணொளி என்று கணக்கு வைத்திருக்கிறோம். பிள்ளைக்கு விரலால் தேய்க்க வருகிறது. கிள்ள வரவில்லை, முறுக்க வரவில்லை, முடிச்சுப் போட வரவில்லை.

கவலை வேண்டாம், கடைக்காரன் இருக்கிறான். ‘சென்சரி ட்ரே’ என்று ஒரு பெட்டி. அதற்குள் என்ன? மணல்! விரலால் எழுதிப் பழக வேண்டுமாம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் அனாதைப் பிள்ளைகளின் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்த் திண்ணைப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்து அசந்துபோய்த் தன் பள்ளிக்குக் கொண்டுபோனார். 1797-இல் இலண்டனில் அதைப் புத்தகமாகவும் போட்டார். அதுவும் சேர்ந்த அவருடைய கற்பித்தல் முறை, ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. நம் திண்ணை மணலை நாமே கூட்டித் தள்ளிவிட்டு, மாதம் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தில் கிள்ளி எடுத்து, அதே மணலைப் பெட்டியில் வாங்குகிறோம். ‘நச்சில்லாதது’ என்ற முத்திரை வேறு.

அஞ்சாங்கல்லுக்கு இந்நாட்டில் என்ன பேர்? பத்து சிரம்பான். நம் மாநிலத் தலைநகரின் பெயரைத் தாங்கிய ஆட்டம். ஐந்து கல், செலவு பூஜ்யம். கல்லைத் தூக்கிப் போட்டு, அது விழுவதற்குள் கீழே கிடப்பதை அள்ளும் பிள்ளைக்கு எந்தத் தாளும் தேவையில்லை. பல்லாங்குழி இருக்கிறது. முருங்கைக்கீரை ஆய்வது இருக்கிறது. சப்பாத்தி மாவு பிசைவது இருக்கிறது. சட்டைப் பொத்தானைத் தானே போடட்டும் என்று காலையில் ஐந்து நிமிடம் பொறுப்பது இருக்கிறது. இதில் எதற்கும் பிரமுகர் வர மாட்டார்; படம் பிடித்துப் போடவும் ஒன்றுமில்லை. அதனால்தான் நமக்குப் பிடிக்கவில்லை.

வீட்டில் ஓய்வாக உட்கார்ந்திருக்கும் பழைய பால்மரத் தொழிலாளியைக் கேட்டுப் பாருங்கள். கன்று நட்டு ஐந்தாறு வருடம் காத்திருந்து, அடிமரம் சுமார் 50 சென்டிமீட்டர் சுற்றளவு பருத்த பிறகுதான் மரத்தில் கத்தி வைப்பார்கள். முந்தி வெட்டினால் மரம் கெடும் என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். மனிதர்களைக் காக்க வைக்காமல் பிழிந்த துரைகூட மரத்துக்குக் காத்திருந்தான். நாமோ பெற்ற பிள்ளைக்குக் காத்திருக்க மாட்டோம் என்கிறோம்.