லேப் சாரின் லாங் சைஸ் நோட்டு

எங்கள் மெட்ரிகுலேஷன் பள்ளியில் லேப் சாரைத் தேட வேண்டியதே இல்லை. சாவிக்கொத்துச் சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறதோ, அங்கே இருப்பார். கம்ப்யூட்டர் லேபுக்கு ஒரு சாவி, ஏசி ரிமோட் இருக்கும் பீரோவுக்கு ஒரு சாவி. இணையத்தின் சாவியும் அவரிடம்தான் என்று பள்ளியே நம்புகிறது. அவர் மட்டும் நம்புவதில்லை. "எதைப் பூட்டணும்னு நானா மிஸ் முடிவு பண்றேன்? யார் திட்டுறாங்களோ, அவங்க பண்றாங்க" என்பார்.

அதற்குச் சாட்சி, மேசை டிராயரில் இருக்கும் லாங் சைஸ் நோட்டு. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருப்பார்: தேதி, சைட், சொன்னவர். மூன்றாவது பத்தியில்தான் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். நாளைக்கு விசாரணை என்று வந்தால் அதுதானே காப்பாற்றும்! 'டிக்டாக் – பி.டி.ஏ. தலைவர்' என்று ஒரு வரி. 2020 ஜூனிலேயே மத்திய அரசு நாடு முழுக்க மூடிவிட்ட சமாசாரம் அது. தலைவருக்குக் கோபம் வந்தது 2023-ல்.

"செத்த பாம்பை எதுக்கு சார் அடிக்கிறீங்க?"

"நான் அடிச்சதைத் தலைவர் பார்த்தாருல்ல மிஸ்!"

போதை ஒழிப்புக் கூட்டம் ஒன்று முடிந்த சூட்டில் தாளாளர், மது சம்பந்தமாக எதுவும் லேபில் வரக் கூடாது என்றார். லேப் சார் பார், ரம், ஜின் மூன்றையும் ஆங்கிலத்தில் அடித்துப் பூட்டிவிட்டு நிம்மதியாக டீ குடிக்கப் போனார். மறுநாள் ஏழாம் வகுப்பு, சோழர் பாடத்துக்காகச் சிதம்பரத்தைத் தேடியது. வரவில்லை. ஆங்கிலத்தில் எழுதினால் சிதம்பரத்தின் வயிற்றில் ஒரு பார் இருக்கிறது! திருமங்கலத்துக்குள் ரம். செஞ்சியோ, ஆங்கிலத்தில் ஜிஞ்சியாகி, ஜின்னோடுதான் ஆரம்பிக்கிறது. சோஷியல் மிஸ் மாடியிலிருந்து இறங்கி வந்து, "நடராஜர் என்ன சார் பண்ணினார்?" என்று கேட்டார்.

மென்பொருளுக்கு எழுத்துதான் தெரியும், ஊர் தெரியாது. 1996-ல் இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் ஊர்க்காரர்கள் ஏஓஎல்லில் கணக்குத் தொடங்க முடியாமல் தவித்தார்கள். அந்தப் பெயருக்குள் ஒரு கெட்ட வார்த்தை ஒளிந்திருந்ததுதான் காரணம். இதைச் சொன்னேன். "வெள்ளைக்காரனுக்கே இந்தக் கதின்னா..." என்று லேப் சார் முகம் தெளிந்தார்.

செஸ் தளம் அவர் கணக்கில் 'கேம்ஸ்'. 2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது திறந்தார், முடிந்ததும் மூடினார். 2024 டிசம்பரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனதும் மறுபடி திறந்தார். சொன்னவர்: ஹெச்.எம். மூடச் சொன்னவரும் அவரேதான். இரண்டு வரியும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன.

பிள்ளைகள் இதிலெல்லாம் தலையிடுவதே இல்லை. வீட்டுக்குப் போனால் அப்பா போன் இருக்கிறது.

அன்றைக்கு நோட்டைப் புரட்டும்போது ஒரு வரி மட்டும் பென்சிலில் கண்ணில் பட்டது. கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கும் தளம். தேதி, ஐபிஎல் தொடங்கிய வாரம். சொன்னவர்: நானே.

"இது மட்டும் ஏன் சார் பென்சில்ல?"

சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு, யுபிஎஸ் கத்துகிறது என்று லேப் சார் எழுந்து போனார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.