பத்தொன்பது வயதில் பென்ஷன்

இலங்கையில் ஒருவன் பதினெட்டு வயதில் புகழின் உச்சிக்குப் போகலாம். பத்தொன்பதில் ஓய்வு பெறலாம். இருபத்தைந்தில் "அந்தக் காலத்தில நாங்கள் விளையாடின றக்பி என்ன, இப்ப இவங்கள் விளையாடுறது என்ன" என்று கிழவர் குரலில் பெருமூச்சு விடலாம். அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவன் இந்த நிலைக்கு வரத் தலை நரைக்க வேண்டும். பாடசாலை றக்பி அதை நாற்பது வருஷம் முன்கூட்டியே கொடுத்துவிடுகிறது. பென்ஷன் காசு மட்டும் வராது.

"பாடசாலைகள்தான் எங்கள் றக்பியின் முதுகெலும்பு" என்று எந்தப் பரிசளிப்பு மேடையிலும் யாராவது ஒரு பிரமுகர் சொல்லாமல் இறங்குவதில்லை. ஒப்புக்கொள்கிறேன். முதுகெலும்பு இருக்கிறது. அதற்கு மேலே தலை இல்லை, கீழே கால் இல்லை. முதுகெலும்பை மட்டும் மைதானத்தின் நடுவில் நட்டு வைத்துவிட்டு, தலைமுறை தலைமுறையாகச் சுற்றி நின்று கைதட்டிக்கொண்டிருக்கிறோம்.

கைதட்டுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆசியாவில் இந்த விளையாட்டில் நாங்கள் பழங்குடிகள். 1879 இல் கொழும்பில் வெள்ளைக்காரர்கள் கழகம் தொடங்கிவிட்டார்கள். 1891 இல் கண்டியில் கிங்ஸ்வூட் கல்லூரியை நிறுவிய எல். ஈ. பிளேஸ், பையன்கள் கையில் முட்டைப் பந்தைக் கொடுத்துவிட்டார். 1906 இல் போகம்பறையில் கிங்ஸ்வூட்டும் ட்ரினிட்டியும் மோதின. இலங்கையில் பாடசாலைகளுக்கு இடையே நடந்த முதல் ஆட்டம் அது, ஆளுக்கு ஆறு புள்ளி, சமநிலை. ஜப்பானில் கெய்யோ பல்கலைக்கழகத்து மாணவர்கள் இந்தப் பந்தைத் தொட்டது 1899 இல். அதாவது ஜப்பானியன் பந்து எந்தப் பக்கம் குதிக்கும் என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் பையன்களுக்கு அதில் எட்டு வருஷப் பழக்கம்.

பிறகு என்ன நடந்தது? 1974 இல் கொழும்பில் நடந்த ஆசியப் போட்டியின் இறுதியாட்டத்தில் ஜப்பானுக்கு எதிரே நின்றது இலங்கை. 2015 உலகக் கிண்ணத்தில் தென்னாபிரிக்காவை 34-32 என்று சாய்த்தது ஜப்பான். 2019 இல் அந்தக் கிண்ணப் போட்டியைத் தன் வீட்டிலேயே நடத்திக் காலிறுதிக்கும் போனது. 2027 கிண்ணத்துக்கு அணிகளின் எண்ணிக்கையை இருபத்துநான்காக உயர்த்திக் கதவை அகலத் திறந்தார்கள். ஆசியாவுக்கான நேரடி இடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனது ஹொங்கொங். உலகக் கிண்ண வாசலை இதுவரை மிதிக்காத நாங்கள் என்ன செய்தோம்? கேடயத்தைத் துடைத்து அலுமாரியில் வைத்தோம்.

ஜப்பானிலும் பாடசாலை றக்பிதான் அடித்தளம். ஹனாசோனோ மைதானத்தில் நடக்கும் உயர்பாடசாலைச் சுற்றுப்போட்டிக்கு அங்கே திருவிழாக் கூட்டம். வித்தியாசம் ஒன்றே ஒன்று: அங்கே அது ஏணியின் முதற்படி. அடுத்த படி பல்கலைக்கழகம், அதற்கடுத்தது சம்பளம் தரும் கம்பனி அணி, அதற்கு மேலே தேசிய அணி. எங்களிடமும் ஏணி இருக்கிறது. ஒரே ஒரு படியுள்ள ஏணி. அதில் ஏறி நின்றவனுக்கு மாலை போட்டு, படம் பிடித்து, பிறகு கீழே பிடித்துத் தள்ளிவிட்டு அடுத்தவனை ஏற்றுகிறோம்.

அந்தப் படிக்கு எவ்வளவு அலங்காரம்! பிரட்பி கேடயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1945 இல் றோயல் கல்லூரி அதிபர் ஈ. எல். பிரட்பி கொடுத்துவிட்டுப் போனது. றோயலும் ட்ரினிட்டியும் கொழும்பில் ஒன்று, கண்டியில் ஒன்று என்று இரண்டு ஆட்டம் ஆடும். புள்ளிகளைக் கூட்டிப் பார்த்து வெற்றி. நல்ல ஆட்டம், நல்ல மரபு. அந்த வார இறுதிக்கு மெல்பேர்னிலிருந்தும் லண்டனிலிருந்தும் பிளேன் ஏறி வருகிறார்கள் ஐம்பது வயதுப் பையன்கள். ஹோட்டல்கள் நிரம்புகின்றன. பப்பரே பேண்ட் காதைப் பிளக்கிறது. அனுசரணையாளரின் பெயர் ஜேர்சியின் நெஞ்சிலும் முதுகிலும் ஏறியிருக்கிறது. தொலைக்காட்சியில் நேரலை. இத்தனையையும் தோளில் சுமந்து ஓடுகிற பையனுக்கு ஆட்டம் முடிந்ததும் ஒரு பொதி சோறும் ஒரு போத்தல் குளிர்பானமும்.

அந்தப் பவிலியனில் குடை பிடித்து நிற்கும் யாரையாவது நிறுத்தி, தான் படித்த காலத்துப் பிரட்பியில் கோட்டுக்குப் பக்கத்தில் பந்தை நழுவவிட்ட விங்கர் யார் என்று கேளுங்கள். பெயர், வகுப்பு, அவன் அப்பாவின் உத்தியோகம் வரை வரும். 2024 இல் இதே கொழும்பில் கஸகஸ்தானை வீழ்த்தி ஆசியாவின் மேற்பிரிவுக்கு ஏறிய தேசிய அணியில் முன்வரிசையில் ஸ்க்ரம் பிடித்த மூன்று பேர் யார் என்று கேளுங்கள். கைத்தொலைபேசியை எடுத்துத் தடவுவார். நாடு என்பது அவருக்குப் பாஸ்போர்ட் எடுக்கும்போது மட்டும் தேவைப்படுகிற ஒன்று. அவர் பிறந்தது, வாழ்வது, சாகப்போவது எல்லாம் கல்லூரிக் கொடியின் இரண்டு நிறங்களுக்குள்.

கொடி உயரப் பறக்க வேண்டுமென்றால் ஆள் வேண்டும். ஆளை வளர்க்க ஆறேழு வருஷம் ஆகும். கேடயத்துக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ஆகவே சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு சந்தை திறக்கிறது. புலமைப்பரிசில் பரீட்சையில் ஒரு புள்ளி குறைந்ததற்காகப் பத்து வயதுப் பிள்ளையைத் திருப்பி அனுப்புகிற அதே வாசல், தொண்ணூறு கிலோ எடையுள்ள பதினாறு வயதுப் பையனுக்கு இரண்டு கதவையும் அகலத் திறக்கிறது. வெளியூரில் ஒரு சின்னப் பாடசாலை. கல்லும் புல்லுமான மைதானத்தில், போக்குவரத்துச் செலவைத் தன் பொக்கற்றிலிருந்து போட்டு, டெக்கிள் என்றால் தலையை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்பதிலிருந்து சொல்லிக்கொடுத்தவர் ஓர் உடற்கல்வி ஆசிரியர். பையன் தலையெடுத்ததும் கொழும்பிலிருந்து கார் வருகிறது. விடுதி, சாப்பாடு, சப்பாத்து, தகப்பனுக்கு ஒரு சின்ன வேலை. அடுத்த சீசனில் அவன் படம் பத்திரிகையில் வருகிறது, "எமது கல்லூரியின் உருவாக்கம்" என்று. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! அந்த ஆசிரியரின் அணி அடுத்த வருஷம் பதினைந்து பேர் சேராமல் லீக்கிலிருந்து விலகுகிறது. ஒரு நல்ல வீரன் பெரிய பாடசாலைக்குப் போனான் என்று இதற்குப் பெயரில்லை. ஓர் ஊரில் றக்பி செத்தது என்று பெயர். விளையாட்டை வளர்ப்பதாக மேடையில் பேசுகிறவர்கள்தான் அதன் வேரைப் பிடுங்கித் தங்கள் வரவேற்பறைச் சாடியில் நடுகிறார்கள்.

வந்த பையனாவது வளர்கிறானா? பயிற்றுநருக்கு ஒரு சீசனுக்குத்தான் ஒப்பந்தம். கேடயம் வந்தால் தோளில் தூக்குவார்கள், வராவிட்டால் மறுநாளே தூக்குவார்கள், வேறுவிதமாக. அந்த மனிதர் பாஸ் கொடுக்கப் பழக்குவாரா, யோசிக்கப் பழக்குவாரா? பந்தை வெளியே உதை, லைன் அவுட்டில் பிடி, மோல் அமைத்துத் தள்ளு, ட்ரை. பதினேழு வயதில் மற்றவனைவிட இருபது கிலோ கூடுதலாக இருப்பவன் ராஜா. இருபத்திரண்டில், எதிரே நிற்பவனும் அதே எடையில் நிற்கும்போதுதான் தெரியும், இவனுக்குத் தள்ளுவதைத் தவிர வேறொன்றும் யாரும் சொல்லித்தரவில்லை என்று. மெல்ல வளரக்கூடிய ஒல்லிப் பையன் பதினைந்து வயதிலேயே கழிக்கப்பட்டு, இப்போது எல்லைக்கோட்டில் தண்ணீர்ப் போத்தல் பிடிக்கிறான்.

ஒரு சனிக்கிழமை நானே பார்த்தது. இரண்டாம் பாதி, டெக்கிள் போட்ட பையனின் தலை எதிராளியின் முழங்காலில் மோதியது. விழுந்தவன் எழும்பினான், எழும்பித் தன் அணியை விட்டு எதிரணியின் பக்கம் நடந்தான். தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். "எத்தனை விரல் தம்பி?" "மூண்டு." காட்டியது இரண்டு. எனக்கு முன்வரிசையில் பிளேசர் போட்ட ஒரு பெரியவர் எழுந்து நின்று கத்தினார்: "ஒண்டும் இல்ல, விடுங்கோ அவனை! எங்கட காலத்தில ரத்தம் வடிய விளையாடினனாங்கள்!" விட்டார்கள். கூட்டம் அவன் பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்தது. தலையடி என்று சந்தேகம் வந்தாலே வெளியே எடு, அன்றைக்கு மறுபடி இறக்காதே என்பது உலக றக்பியின் விதி. பிளேசர்காரரின் விதி அதைவிடப் பழையது: அடுத்தவன் பிள்ளையின் மூளை, என் கல்லூரியின் மானம்.

சீசன் முடிகிறது. பையன் உயர்தரப் பரீட்சையை இரண்டாம் தடவையும் எழுதி, இரண்டாம் தடவையும் ஊற்றிக்கொள்கிறான். எழுதியதே பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும், பெயர் இருந்தால்தான் ஜேர்சி போடலாம் என்பதற்காக. இருபது வயதுக்குட்பட்டோர் என்ற எல்லை நெடுங்காலம் இருந்ததே இந்த நாட்டில். தாடி மழித்த தழும்போடு தேசிய கீதத்துக்கு வரிசையில் நின்ற மாணவச் செல்வங்களைக் கண்டவர்கள் நாங்கள். அதிர்ஷ்டம் உள்ளவனை இராணுவமோ கடற்படையோ பொலிஸோ தன் அணிக்கு எடுக்கும். அங்கே சம்பளமாவது உண்டு. வேறு சிலர் கழகங்களில் தேறுவார்கள். மிச்சப்பேருக்குப் பழைய மாணவர் சங்கம் கைகொடுக்கும். எப்படி? லீசிங் கம்பனியில் வேலை. தவணை கட்டாத ஓட்டோவை நடுவீதியில் மறித்து, சாரதியை இழுத்து இறக்கிவிட்டு வண்டியைக் கொண்டு வருகிற வேலை. கல்லூரி கற்றுத்தந்த டெக்கிள் கடைசியில் ஓர் ஏழையின் மேல் விழுகிறது.

இந்த வளர்ச்சி யாருக்கு வாய்க்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். பாடசாலை லீக்கின் முதற்பிரிவுப் பட்டியலில் வடக்கிலிருந்து ஒரு பெயர் தேடுங்கள், கிழக்கிலிருந்து ஒரு பெயர். பூதக்கண்ணாடி வேண்டாம், வெறுங்கண்ணுக்கே தெரிகிற வெற்றிடம். அதைவிடக் கேவலம் மலையகம். டிக்கோயாவில் தரவளையிலும் நானுஓயாவில் ரதல்லையிலும் துரைமாருக்கென்று றக்பி மைதானம் அமைந்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது. சுற்றிவரத் தேயிலை, தேயிலைக்குள் லயம், லயத்துக்குள் எங்கள் சனம். மலையேறி மலையிறங்கி, கொழுந்துக் கூடை சுமந்த பரம்பரையில் வந்த பிள்ளைகள். தொடையும் மூச்சும் பிறப்பிலேயே கிடைத்தவர்கள். அந்தப் புல்லில் கால் வைக்க அவர்களை எந்தக் கல்லூரி, எந்தச் சங்கம், எந்த அமைச்சு கூப்பிட்டது? பெண்பிள்ளைகளைக் கேட்கவே வேண்டாம். அவர்களுக்கு ஒதுக்கிய இடம் பவிலியனில், கையில் கொடியோடு. 2019 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் தென்னாபிரிக்காவுக்கு முதல் ட்ரை வைத்த மக்கசோலே மப்பிம்பி, பேர்பெற்ற எந்த றக்பிப் பாடசாலையிலும் படிக்காத கிராமத்துப் பையன். எங்கள் மப்பிம்பி இந்நேரம் கொழும்பில் ஏதோ ஒரு சாப்பாட்டுக் கடையில் மேசை துடைத்துக்கொண்டிருப்பான்.

மேலிடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 ஆம் ஆண்டு எங்கள் விளையாட்டு வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டியது. அந்த ஒரே வருஷத்தில் உதைபந்தாட்டத்துக்கு உலக அமைப்பு தடை விதித்தது, றக்பிக்கு விதித்தது, கிரிக்கெட்டுக்கும் விதித்தது. காரணம் மூன்றிலும் நிர்வாகத்துக்குள் வெளியார் கை. மூன்று விளையாட்டிலும் ஒரே வருஷத்தில் தேசம் உலகத் தரத்தை எட்டியது இதில்தான். அந்த நாற்காலிகளைச் சுற்றி வருகிறவர்களில் பலர் யார்? அதே பிளேசர்கள். பதவிக்கு வந்ததும் முதலில் பார்ப்பது தன் கல்லூரிப் பையன் அணியில் இருக்கிறானா என்று.

"றக்பி ஒழுக்கத்தைக் கற்பிக்கிறது, தலைமைத்துவத்தைக் கற்பிக்கிறது" என்பது கடைசிப் பல்லவி. கற்பிக்கத்தான் செய்கிறது. வயதுச் சான்றிதழில் எப்படி விளையாடுவது, பரீட்சையை எப்படிச் சாட்டாக்குவது, நடுவரின் முடிவு பிடிக்காவிட்டால் எல்லைக்கோட்டைத் தாண்டி எப்படிப் பாய்வது என்று பெரியவர்கள் செய்து காட்டுகிறார்கள், பையன்கள் பார்த்துப் படிக்கிறார்கள். பதினாறு வயதில் விற்கப்பட்ட பிள்ளைக்கு விசுவாசம் பற்றி விரிவுரை ஆற்ற இவர்களுக்கு வாய் கூசவில்லை.

கேடயங்களை உருக்கச் சொல்லவில்லை. பிரட்பி நடக்கட்டும், பப்பரே அடிக்கட்டும். ஒரு சின்ன வேலை மட்டும் செய்யுங்கள். உங்கள் கல்லூரி மண்டபத்தில் தேக்குப் பலகையில் பொன் எழுத்தில் கப்டன்மாரின் பெயர்கள் வருஷவாரியாகத் தொங்குகின்றன. கடைசிப் பத்து வருஷத்துக்கு மட்டும், பதினைந்து பேருடைய பெயரையும் போட்டு, பக்கத்தில் மூன்று நிரல்கள் சேருங்கள்: எந்தப் பாடசாலையிலிருந்து கொண்டுவந்தீர்கள், எந்த எலும்பு முறிந்தது, இப்போது என்ன வேலை செய்கிறான். அடுத்த பரிசளிப்பில் பிரதம விருந்தினர் அதை ஒலிவாங்கியில் சத்தமாக வாசிக்கட்டும். அதற்குப் பிறகும் முதுகெலும்பு என்று சொல்ல வாய் வந்தால் சொல்லுங்கள். பலகையில் இடமில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நன்கொடை தந்த முதலாளிமார் அத்தனை பேருக்கும் இடம் கொடுத்த சுவர்தானே அது.