ஓதத்துக்கு ஒரு மெமோ

அனுப்புநர்:
உப்பங்கழிக் கரைவாசி ஒருவர்.
(ஊர்ப் பெயரைச் சொல்வதற்கில்லை. சொன்னால் இன்னொரு செல்ஃபி பாயின்ட் வந்துவிடும்.)

பெறுநர்:
உயர்திரு அதிகாரி அவர்கள்,
எங்கள் கழியில் படகு விடும் துறை.
(வனமா, மீனா, சுற்றுலாவா, பொதுப்பணியா, வருவாயா என்பதைத் தங்களுக்குள் பேசி முடிவு செய்துகொண்டு உறையைப் பிரிக்கவும்.)

பொருள்: படகுச் சவாரி – தண்ணீரின் ஒத்துழையாமை – ஓதத்தின் மீது ஒழுங்கு நடவடிக்கை கோருதல் – சார்பாக.

பார்வை: படகுத்துறை அறிவிப்புப் பலகை. (எண்ணும் நாளும் உப்புக்காற்றில் உதிர்ந்துவிட்டன.)

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

எங்கள் கழிக்கரையில் படகு இல்லம் கட்டித் தந்ததற்கு முதற்கண் நன்றி. அதற்கு முன் இங்கே கடல், கழி, அலையாத்திக் காடு இவற்றைத் தவிர வேறொன்றும் கிடையாது. இன்று நுழைவு வளைவு இருக்கிறது. ஊர்ப் பெயரை ஆளுயர எழுத்தில், பக்கத்தில் சிவப்பு இதயத்தோடு நட்டிருக்கிறீர்கள். போன புயலில் ஓர் எழுத்து விழுந்துவிட்டதால் தற்சமயம் வேறு ஏதோ ஊரை நேசித்துக்கொண்டிருக்கிறோம். வங்காள விரிகுடாவுக்கு எதிரே ஒரு செயற்கை நீரூற்று. அதற்குத் தண்ணீர் லாரியில் வருகிறது. வாயைப் பிளந்தபடி ‘என்னைப் பயன்படுத்துங்கள்’ என்று கெஞ்சும் பென்குயின் குப்பைத்தொட்டிகள் இரண்டு. எங்கள் கடற்கரை கண்ட பென்குயின்கள் இவைதாம். குப்பை அவற்றைச் சுற்றித்தான் கிடக்கிறது. முன்பின் தெரியாத பறவையின் வாயில் கைவிட எங்கள் சனத்துக்குத் துணிவு வரவில்லை.

ஆகக் கரையில் ஒரு குறையும் இல்லை. தொல்லை முழுவதும் தண்ணீரில்தான்.

திறப்பு விழாவன்றே அது தன் குணத்தைக் காட்டிவிட்டது. காலை பதினொரு மணிக்கு விழா. பந்தல், நாதஸ்வரம், அன்ன வடிவில் மிதிபடகுகள், ஒவ்வோர் அன்னத்தின் கழுத்திலும் சாமந்தி மாலை. படகோட்டும் பெரியவர் ஒருவர் மேடையோரம் வந்து, “ஐயா, இப்ப வத்தம். தண்ணி ஏற மூணு மணி ஆவும்” என்றார். “அழைப்பிதழ்ல பதினொண்ணுன்னு அச்சடிச்சாச்சு பெரியவரே” என்று அன்போடு அவரை அப்புறப்படுத்தினார்கள். சிறப்பு விருந்தினர் கொடியசைத்தார். கொடி அசைந்தது. படகு அசையவில்லை. அன்னங்கள் எல்லாம் சேற்றில் அடைகாத்தபடி இருந்தன. உள்ளே இருந்தவர்கள் விடாமல் மிதிக்க, பின்னால் சக்கரம் சுழன்று சேற்றை வாரி விருந்தினர் வரிசை மீது இறைத்தது. யார் வேட்டியில் எந்தக் கட்சிக் கரை என்று தெரியாமல் போன அபூர்வ நிமிடம் அது. பத்தடி தள்ளி ஒரு கொக்கு அதே சேற்றில் நின்று மீன் பிடித்துக்கொண்டிருந்தது. அதற்கு அழைப்பிதழ் போகவில்லை.

ஆகவே ஓதத்தின் மீது கீழ்க்காணும் குற்றச்சாட்டுகளை முறைப்படி பதிவு செய்ய வேண்டுகிறேன்.

ஒன்று, காலந்தவறுதல். நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றும் ஓதம், ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடச் சுமார் 50 நிமிடம் தாமதமாக வருகிறது. நிலாவின் பின்னால் அலைவதுதான் காரணமாம். தங்கள் கவுன்ட்டரோ காலை ஒன்பதுக்குத் திறந்து மாலை ஐந்துக்கு மூடுகிறது. விடியற்காலையில் கழி நிரம்பித் தளும்பும்போது கவுன்ட்டருக்குப் பூட்டு. பகலில் நிரம்பினால் சாப்பாட்டு இடைவேளை.

இரண்டு, தன்னிச்சையாகச் செயல்படுதல். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் யார் உத்தரவும் இல்லாமல் அதிகமாக ஏறுகிறது. அஷ்டமியை ஒட்டிச் சோம்பிக் கிடக்கிறது. (இந்த ஒன்றில் மட்டும் அலுவலக வழக்கத்தைக் கற்றுக்கொண்டிருக்கிறது.)

மூன்று, குறைந்த செயல்திறன். தமிழகக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் பொதுவாக ஒரு மீட்டருக்குள்தான். காம்பே வளைகுடாவில் அது 10 மீட்டரையே தொடுகிறது. இதிலும் குஜராத்தைவிடப் பின்தங்கியிருக்கிறோம் என்று எவராவது அறிக்கை விடுமுன் தாங்கள் முந்திக்கொள்வது நல்லது.

அடுத்து, முகத்துவாரம். ஐப்பசி கார்த்திகையில் மழைவெள்ளம் மணல்திட்டை உடைத்துக்கொண்டு கடலுக்குப் போகும். ஆற்றில் வரத்துக் குறைந்ததும் கடல் மணலைத் தள்ளித் தள்ளி அந்த வாயை மறுபடி தூர்த்துவிடும். சித்திரை வைகாசியில் கழி முழங்காலளவு வற்றி, உப்புக் கூடிக் கிடக்கும். தாங்கள் ‘கோடை நீர் விளையாட்டு விழா’ நடத்துவது அப்போதுதான். தண்ணீர் நிறைந்து, வெயில் தணிந்து, வலசைப் பறவைகள் வந்திறங்கும் மார்கழி தையில் ‘பராமரிப்புப் பணிக்காகச் சவாரி நிறுத்தம்’ என்று பலகை தொங்கும். பள்ளிக்கூட விடுமுறையைப் பார்த்து மழை பெய்யாதது மழையின் தவறே.

மரங்கள் மீதும் புகார் உண்டு. அலையாத்திகள் நீர்நிலைப் புறம்போக்கில் பட்டா இல்லாமல் நிற்கின்றன. சுரபுன்னை வேரை வளைத்து இறக்கித் தண்ணீருக்குள் கால் ஊன்றுகிறது. வெண்கண்டல் சேற்றிலிருந்து மூச்சுவேர்களை மேல்நோக்கி நீட்டுகிறது. விதை மண்ணில் விழுந்து முளைக்கட்டும் என்று காத்திருக்கும் பொறுமைகூடச் சுரபுன்னைக்கு இல்லை. மரத்திலேயே முளைக்கவைத்து, முருங்கைக்காய் போலத் தொங்கவிட்டு, நேரே சேற்றில் செருகி இடம் பிடிக்கிறது. இவ்வளவு துணிச்சலாக இங்கே வேறு யாராவது இடம் பிடித்தால் அவர் கவுன்சிலராகத்தான் இருப்பார். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரமும் இந்தக் காட்டில் உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் கண் போகும் என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். ‘மரங்களை நேசிப்போம்’ என்ற பலகையைத் தாங்கள் ஆணியடித்து மாட்டியது அந்த மரத்தில்தான். அடித்தவர் இரண்டு நாள் கண்ணைத் திறக்கவில்லை. பலகையும் மறுவாரமே விழுந்துவிட்டது; ஆணி மட்டும் இருக்கிறது.

இந்தக் காட்டால் தங்களுக்கு வருவாய் இழப்பும் ஏற்படுகிறது. துடுப்புப் படகில் குறுகலான கால்வாய்க்குள் நுழைந்தால் மேலே கிளைகள் கூடி வெயிலை மறைக்கின்றன. படகுக்காரர் துடுப்பை மடியில் போட்டுக்கொண்டு, வேர்களைக் கையால் பிடித்துத் தள்ளியே படகை நகர்த்துகிறார். செல்போனில் சிக்னல் போய்விடுகிறது. வேரின் ஈரக்கோட்டுக்கு மேல் உட்கார்ந்திருக்கும் சிறு நண்டுகள், ஆள் நெருங்கினால் வேரைச் சுற்றி மறுபக்கம் ஒளிகின்றன. உழுவை மீன் ஒன்று சேற்றில் துடுப்பை ஊன்றி எகிறித் தண்ணீரை விட்டுக் கரைக்குப் போகிறது. கிளையிலிருந்து மீன்கொத்தி விழுந்து எழுகிறது. தண்ணீர் ஏறுவதை அந்த இடத்தில் காதால் கேட்கலாம்: நண்டு வளைகளுக்குள் நீர் புகப் புக, உள்ளிருந்த காற்று குமிழ் குமிழாக வெடிக்கிறது. இப்படி ஒரு குடும்பம் எதையும் வாங்காமல், எதையும் கொறிக்காமல், ஒருவரையொருவர் அதட்டாமல் இருந்துவிட்டுத் திரும்புகிறது. இறங்கும்போது பிள்ளை, “இன்னொரு ரவுண்டு போலாமாப்பா?” என்கிறது. கரையிலுள்ள சிவப்பு இதயத்தின் பக்கம் அது திரும்பியும் பார்ப்பதில்லை. இந்தப் பழக்கம் பரவினால் மிளகாய் பஜ்ஜிக் கடை ஏலம் என்ன ஆவது?

இதைத் தடுக்கத்தான் விரைவுப் படகு வாங்கினீர்கள் என்பது புரிகிறது. கரையில் ஒலிபெருக்கியில் பாட்டு ஆரம்பித்தால், இரண்டாம் சரணம் வருமுன் அது ஒரு சுற்றை முடித்துவிடுகிறது. நண்டு, மீன்கொத்தி போன்ற தொந்தரவுகள் கண்ணில் படுவதில்லை. அது கிளப்பும் அலை கரைமண்ணை அறுக்கிறது, இளநாற்றைச் சாய்க்கிறது, கட்டிய வலையைக் கிழிக்கிறது. பிச்சாவரம் பக்கம் இருளர்கள் தண்ணீருக்குள் அமிழ்ந்து, ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் தடவியே இறால் பிடிப்பார்கள். எங்கள் கழியிலும் அப்படிச் சிலர் உண்டு. ‘தண்ணீரில் இறங்கத் தடை’ என்ற பலகை வந்தபின் அவர்களைக் காவலாளி விசில் ஊதி விரட்டுகிறார். எந்த இடத்தில் பள்ளம், எந்த இடத்தில் புதைசேறு என்று உள்ளங்கையால் அறிந்தவர்கள் அவர்கள். அவர்களை வெளியே அனுப்பிவிட்டதால் இனிக் கழியைப் பற்றித் தங்களிடம் குறுக்குக் கேள்வி கேட்க ஆளில்லை.

ஒரு பழைய முறைகேட்டையும் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன். பிச்சாவரத்தில் ஒரு காலத்தில் பகுதி பகுதியாகக் காட்டை மொட்டையடித்ததில் நிலம் அமுங்கிப் பள்ளமாகி, ஓதநீர் தேங்கி, வெயிலில் உப்பேறி, மரம் முளைக்காத பொட்டலானது. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களோடு சேர்ந்து அங்கே மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டின. ஓதம் உள்ளே வந்து வெளியே போக வழி கிடைத்தது, நாற்றுகள் பிழைத்தன. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்கள் வெட்டவெளிக் கரையில் இருந்தவற்றைவிடக் குறைவாகவே அடிபட்டன. 2022-ல் பிச்சாவரம் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. தண்ணீர் எந்தப் பக்கம் போக நினைக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் மண்வெட்டியை எடுத்ததன் விளைவு இது. டெண்டருக்கு முன்பே தண்ணீரிடம் கருத்துக் கேட்ட இந்த நடைமுறை எந்த அரசாணையின்கீழ் அனுமதிக்கப்பட்டது என்று விசாரிக்க வேண்டும். இதுவே முன்னுதாரணம் ஆகிவிட்டால் தங்கள் உணவக மேடையின் கதி என்ன?

அந்த மேடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991-ல் வந்து, 2011-லும் 2019-லும் புதிதாக எழுதப்பட்டது. உயர் ஓதக் கோடு என்று ஒன்றை வைத்துத்தான் அதன் கணக்கெல்லாம். எங்கள் மேடை அந்தக் கோட்டைத் தாண்டி மூன்று எட்டு முன்னே போய்க் கழியை எட்டிப் பார்க்கிறது. ஐப்பசி தோறும் வெள்ளம் வந்து அதன் அடிமண்ணில் கொஞ்சம் எடுத்துப் போகிறது. மார்ச் தோறும் நிதியாண்டு முடிவதற்குள் தாங்கள் கொஞ்சம் சிமென்ட் பூசுகிறீர்கள். இரு தரப்பில் ஒன்றுக்கு நிதி ஒதுக்கீடு குறைவதே இல்லை.

கடைசியாக, லைஃப் ஜாக்கெட். புதியவை அலமாரியில் பாலிதீன் உறை பிரிக்காமல் பத்திரமாக உள்ளன. சாவி வைத்திருப்பவர் செவ்வாய்க்கிழமை வருவார். பயணிகளுக்குத் தரப்படுபவை பழையவை: கொக்கி உடைந்து, நைலான் கயிற்றால் முடிச்சுப் போட்டவை. எல்லாருக்கும் ஒரே அளவு. ஐந்து வயதுப் பிள்ளைக்கு மாட்டினால் காதுவரை ஏறுகிறது. தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மட்டும் மிதக்கும்.

பழவேற்காடு ஏரியில் 2011 டிசம்பர் 25 அன்று படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். கேரளத்தின் தானூரில் 2023 மே 7 அன்று, அளவுக்கு மேல் ஆள் ஏற்றிப் பொழுது சாய்ந்த நேரத்தில் போன இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். இரண்டும் ஞாயிற்றுக்கிழமை. இரண்டும் பிள்ளைகளோடு உலாப் போன குடும்பங்கள். இதிலும் ஓதத்தின் மேல் பழியைப் போட முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை. தண்ணீர் எப்போது ஏறும் என்பதுதான் அதன் பொறுப்பு. படகில் எத்தனை பேர் ஏறலாம் என்பது அதன் பொறுப்பில் வராதாம். எத்தனை பேர், எத்தனை மணிக்கு, எந்த ஜாக்கெட்டோடு என்பதெல்லாம் தங்கள் இலாகா. வளைவு, இதயம், நீரூற்று, பென்குயின் எல்லாவற்றையும் செய்து முடித்த தங்களுக்கு இது ஒன்றுதான் பாக்கி.

எனவே பணிவுடன் வேண்டுவது:

அ. அலமாரிச் சாவியைப் படகுத்துறையிலேயே மாட்டிவைக்கவும். தில்லை மரத்து ஆணி சும்மாதான் இருக்கிறது.

ஆ. ஏறும் ஆட்களை எண்ணவும். டோக்கன் கிழிப்பவருக்கு எண்ணத் தெரியும். நிறுத்தத்தான் அதிகாரம் இல்லை.

இ. கவுன்ட்டர் நேரத்தை ஓதம் பார்த்து வைக்கவும். இந்திய நில அளவைத் துறை ஓத அட்டவணையை ஆண்டுதோறும் முன்கூட்டியே வெளியிடுகிறது. அது பெரிய செலவென்றால் மேற்படி பெரியவரைக் கேட்கலாம். அவர் மதிப்பூதியம் கேட்கவில்லை. அடுத்த விழாவில் கொடியசைக்குமுன் இரண்டு நிமிடம் மைக் வேண்டுமாம்.

ஈ. துடுப்புப் படகுகளைக் கூடுதலாக விடவும். அவற்றை ஓட்டியவர்களில் பலர் இப்போது பஜ்ஜிக் கடையில் வெங்காயம் உரிக்கிறார்கள்.

மேற்கண்டவற்றுக்கு விதிகளில் இடமில்லை எனில், ஓதத்துக்கு மெமோ கொடுத்து 15 நாளைக்குள் விளக்கம் கேட்கும்படி வேண்டுகிறேன். பதிவுத் தபால் தேவையில்லை. மேடைச் சுவரில் ஒட்டினால் போதும். பௌர்ணமியன்று அதுவே நேரில் வந்து பெற்றுக்கொள்ளும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கழிக்கரைவாசி.

நகல்:
1. நிலா அவர்கள் – ஓத நேரத்தை ஒன்பதிலிருந்து ஐந்துக்குள் மாற்றியமைக்க.
2. வடகிழக்குப் பருவமழை அவர்கள் – மேடையை நேரில் ஆய்வு செய்து தக்க நடவடிக்கை எடுக்க.