கோப்பாய் ஸ்டேசன் சார்பில் ஒரு நன்றிக் கடிதம்

கோச்சி விடும் பெரியவர்களின் சமூகத்துக்கு,

போன கிழமை உங்கள் கவுண்டர் ஒன்றில் ஆசனம் பதியப் போனேன். படிவம் சிங்களத்தில் மட்டும். எந்தக் கோடு எதற்கென்று கேட்டும் பதில் வராததால் ஒரு கோட்டில் ‘கோப்பாய்’ என்று எழுதிக் கொடுத்தேன். உள்ளே இருந்த கனவான் சிவப்புப் பேனையால் அதை வெட்டி, “அப்பிடி ஒரு ஸ்டேசனே இல்லை” என்று லைனில் நின்ற எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். சனம் சிரித்தது. நானும் சிரித்தேன், ரிக்கற் வேணுமே.

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் உங்கள் அருமை விளங்கியது. இலங்கையில் ஒருநாளும் கோச்சி பிந்தாத ஸ்டேசன் எங்கள் கோப்பாய் ஸ்டேசன்தான்.

1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் வெள்ளைக்காரன் கோச்சி விட்டான். பாதை கொக்குவில், கோண்டாவில், சுன்னாகம் என்று போனது. பருத்தித்துறை றோட்டில் இருந்த எங்களை எட்டியும் பார்க்கவில்லை. அன்றைக்குத் தொடங்கிய நேரந்தவறாமை இது. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்க, கொழும்பு உத்தியோகத்தர்கள் லீவுக்கு லீவு வந்து இறங்கினார்கள். கோப்பாய் ஸ்டேசனில் ஒருவரும் இறங்கவில்லை. ஆகவே ஒருவரும் பிந்தவில்லை.

1990 யூனில் யுத்தத்தால் சேவை நின்றது. மற்ற இடங்களில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போயின. கோப்பாய் ஸ்டேசனில் ஓர் ஆணிகூடக் குறையவில்லை. இங்கே கோச்சி நின்றதும் இல்லை, நின்றுபோனதும் இல்லை.

கோச்சி இல்லாத அந்த வருசங்களில் சனம் எதில் போய் வந்தது என்று எப்போதாவது கேட்டீர்களா? ஒரு காலம் கிளாலிக் கடலில் இருட்டோடு இருட்டாகப் படகேறியது. சூடுபட்டு அந்தத் தண்ணீரிலேயே செத்தது. அந்தச் சனத்தின் மொழியில் ஒரு படிவம் அடிக்க உங்களிடம் மை இல்லையா? தமிழும் அரச கரும மொழி என்று 1987இலேயே அரசியலமைப்பில் எழுதியாயிற்று. அதையும் யாரோ சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டார்களா?

மன்னிக்க வேணும். நன்றிக் கடிதம் தடம் புரண்டுவிட்டது.

2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் கோச்சி திரும்பியது. இந்தியக் கடனில் இர்கோன் கம்பனி போட்ட பாதை. பிறகு 2023இல் அநுராதபுரம்–ஓமந்தைத் துண்டுக்குத் திருத்தவேலை. 2024இல் மகவ–அநுராதபுரம். இரண்டு தரமும் மாதக்கணக்கில் பாதை பூட்டு. கோப்பாய் ஸ்டேசனில் மட்டும் அட்டவணை அசையவில்லை.

ஆகையால் ஸ்டேசன் கட்டித் தாருங்கள் என்று கேட்கமாட்டோம். கட்டினால் பிந்தும்.

கேட்பது ஒரு பஸ். விடியற்புறம் கோச்சியால் இறங்குகிற சனம் பெட்டி படுக்கையோடு ஓட்டோக்காரரிடம் பேரம் பேசி நிற்கிறது. கோண்டாவில்–இருபாலை றோட்டால் திரும்பினால் கோப்பாய் தூரமில்லை. ஆனால் உங்கள் கோச்சியும் அரசாங்க பஸ்ஸும் காணி பிரித்த அண்ணன் தம்பி மாதிரி, ஒருவர் நேரத்தை மற்றவர் கேட்பதில்லை. கோச்சி வாற நேரத்துக்கு ஒரு பஸ்ஸை நிறுத்தி வையுங்கள். பஸ் பிந்தினாலும் நாங்கள் குறை சொல்லமாட்டோம், கோச்சி அதற்கு முதல் வந்துவிடப்போவதில்லை.

இங்ஙனம்,
ஸ்டேசன் மாஸ்டர் (சம்பளமில்லை),
கோப்பாய்.