பொனட்டுச் சின்னமும் மூலபாடமும்: மலையகத்துப் பழைய கார்களை முன்வைத்து ஓர் ஆய்வு

பொனட்டுச் சின்னம் என்பது காரின் முகப்பிலோ பக்கத்திலோ பதிக்கப்பட்டு, அது இன்ன கார் என்பதை ஏற்கெனவே அறிந்தவர்களுக்கு மீண்டும் அறிவிக்கும் உலோகத் துண்டு. நுவரெலியா, ஹட்டன், டிக்கோயா, பொகவந்தலாவை வட்டாரங்களில் இன்னும் ஓடுகின்ற, அல்லது தள்ளிவிட்டால் ஓடும் என்று நம்பப்படுகின்ற பிரித்தானியக் கார்கள் பலவற்றில் இச்சின்னம் இருப்பதில்லை. இருந்தாலும் அது வேறொரு காருடையதாக இருக்கக்கூடும். ஆகவே ஒரு காருக்கு அதன் ஆண்டுக்குரிய சின்னத்தைக் கண்டறிவது, சிதைந்த சுவடியிலிருந்து மூலபாடத்தை நிறுவும் பணியின் வகையைச் சேர்ந்தது. அங்கே கறையான், இங்கே துரு.

இத்துறையின் தலையாய மூலம் மொரிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இக்கார் 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்தது. 1971 வரை 16 லட்சத்துக்குக் குறையாமல் செய்யப்பட்டது. இதன் முகப்பில் இருப்பது நீல அலைகளின் மேல் நிற்கும் சிவப்பு எருது. ஒக்ஸ்போர்ட் நகரின் இலச்சினையிலிருந்து இறங்கி வந்த எருது அது. மொரிஸ் தொழிற்சாலை அந்நகரை ஒட்டிய கவ்லியில் இருந்ததைத் தவிர, காருக்கும் எருதுக்கும் வேறு உறவு இல்லை.

எருதைவிடச் சிக்கலானது பக்கவாட்டுச் சின்னம். 1956இல் 'மைனர் 1000' என்ற பெயர் வந்தது. அப்போது உள்ளே இருந்த இயந்திரம் 948 சிசி. 1962இல் அது 1098 சிசி ஆனது, சின்னம் அசையவில்லை. முதல் ஆறு ஆண்டுகள் 52 சிசி கூட்டியும், பின்னர் 98 சிசி குறைத்தும் சொன்ன இச்சின்னம் எந்தக் காலத்திலும் உண்மை பேசியதில்லை. சரியான சின்னத்தைத் தேடுவோர் உண்மையில் தேடுவது, தொழிற்சாலையே ஒப்புக்கொண்ட பிழையைத்தான். இலங்கையில் பல மைனர்களுக்குப் பிற்காலத்தில் ஜப்பானிய இயந்திரங்கள் மாற்றப்பட்டன. டட்சன் 1000 காரின் 988 சிசி இயந்திரத்தை ஏற்றிய மைனர் ஒன்று கிடைக்குமானால், அந்தச் சின்னம் உண்மைக்கு மிக அருகில் நிற்கும் கார் அதுவாகவே இருக்கும். தூய்மைவாதிகள் இதை ஏற்பதில்லை.

1960 டிசம்பரில் பத்து லட்சமாவது மைனர் வெளிவந்தபோது, அதைக் கொண்டாட இளம் ஊதா நிறத்தில் 350 கார்கள் செய்யப்பட்டன. அவற்றின் பக்கத்தில் 'மைனர் 1000000' என்று பொறிக்கப்பட்டது. மற்ற நிறக் கார் எதிலாவது கூடுதலாக மூன்று சுழிகள் காணப்பட்டால் அதை இடைச்செருகல் என்று தயக்கமின்றித் தள்ளலாம்.

பாடபேதங்கள் பெருகிய காலம் 1952க்குப் பின். அவ்வாண்டு ஒஸ்டினும் மொரிசும் இணைந்து பிரிட்டிஷ் மோட்டார் கோர்ப்பரேஷன் உருவானது. பின்னர் இத்தாலியப் பினின்ஃபரினா வரைந்த ஒரே உடலை ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் ஒக்ஸ்போர்ட், வுல்ஸ்லி, ரைலி, எம்ஜி என்று ஐந்து பெயர்களில் விற்றார்கள். முன்கிரில்லையும் சின்னத்தையும் சில அலங்காரங்களையும் நீக்கிவிட்டால் ஐந்தும் ஒன்றே. இவ்வகைக் காரில் சின்னம் காரைக் குறிப்பதில்லை. ஏறக்குறைய சின்னமே கார். இவற்றுள் வுல்ஸ்லியின் சின்னத்துக்கு உள்ளே ஒரு சிறு பல்பு உண்டு. அது எரியாத வரை சின்னம் பாதி மட்டுமே மீட்கப்பட்டதாகக் கொள்ளவேண்டும். நானுஓயாவிலிருந்து நுவரெலியா ஏறும் பாதையின் பனிமூட்டத்தில், எதிரே வருவது எந்த வகுப்புக் கார் என்பதைப் பதிவெண்ணுக்கு முன்பே சொல்லிவிடும் ஏற்பாடு இது.

லாண்ட் ரோவரின் நீள்வட்டச் சின்னத்துக்குச் செவிவழி வரலாறு ஒன்று உண்டு: வரைபடத்தின் மேல் யாரோ வைத்த மீன் டின்னின் எண்ணெய்த் தடமே அந்த வடிவம் என்பர். ஆதாரம் கேட்கக்கூடாத கதைகளில் இது ஒன்று.

சின்னங்கள் தொலைந்ததற்கு அரசியல் காரணம் உண்டு, வானிலைக் காரணமும் உண்டு. 1960களின் அந்நியச் செலாவணி நெருக்கடியில் கார் இறக்குமதி இறுகியது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும் வரை, இருக்கிற காரையே ஓட்டவேண்டியிருந்தது. 1972இன் நிலச் சீர்திருத்தச் சட்டமும் 1975இன் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. எஞ்சிய வெள்ளைக்காரத் துரைமார் கப்பலேறினர். கார்கள் பல ஏறவில்லை. உதிரிப்பாகம் இல்லாத அந்த ஆண்டுகளில் கார்பரேட்டருக்கு அலைந்தவர்கள் எருதுக்காக அலையவில்லை. மிச்சத்தை மழை பார்த்துக்கொண்டது. கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்தில் ஈரம் காயாத நுவரெலியாவில், துத்தநாகக் கலவையில் வார்த்த சின்னங்களின் குரோமியப் பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பும்.

காலத்தைக் கணிக்கப் பதிவெண் தகடு உதவும். சிலோன் என்பதன் ஆங்கில எழுத்துகளில் இரண்டிரண்டாகத் தொடங்கும் பதிவு பழையது. 1957 முதல் சிங்கள ஸ்ரீ வந்தது. அதை எதிர்த்துத் தமிழரசுக் கட்சி போராடியது, அந்த எழுத்தின் மேல் தார் பூசப்பட்டது, 1958 இனக்கலவரத்தின் இரத்தத்துக்கு முன்னோடியான நிகழ்வுகளில் அதுவும் ஒன்று என்பதெல்லாம் இந்நாட்டு வரலாறு. காரில் ஒட்டியிருக்கும் ஓர் எழுத்து அற்ப விடயம் என்று வாதிடுவோர் இதை நினைவிற்கொள்வது நல்லது.

முறையியலில் முதன்மையானது துளை. சின்னம் பொய் சொல்லலாம், உரிமையாளர் கட்டாயம் சொல்வார், துளை சொல்லாது. பொனட்டைத் தூக்கி உட்புறத்தைப் பார்த்தால், வெளியே பட்டி தடவி மறைத்த பழைய துளைகளின் வடு தெரியும். அவற்றின் எண்ணிக்கையையும் இடைவெளியையும் தாளில் ஒற்றியெடுத்து, அதன் பிறகே கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளுக்கு இறங்கவேண்டும். தாளில்லாமல் போனவர்கள் அழகான சின்னத்தோடு திரும்பி, அதற்காகப் புதுத் துளை போடுவார்கள். ஏட்டைத் திருத்தி உரைக்குப் பொருத்தும் உரையாசிரியர் வகை இது.

அசல் கிடைக்காதபோது நகல். தொல்காப்பியம் வழிநூலை நான்காக வகுத்தது. அவ்வகுப்பு நகல் சின்னங்களுக்கும் பொருந்திவருகிறது. உடைந்த இரண்டைச் சேர்த்து ஒன்றாக்குவது தொகுத்தல். மூன்று சுழி சேர்ப்பது விரித்தல். ஒரு சின்னத்தின் எழுத்தைக் குறைத்து இன்னொன்றின் அலங்காரத்தைக் கூட்டுவது தொகைவிரி. எனாமலில் இருந்ததை பிளாஸ்டிக்கிலோ, பட்டறையில் மணலச்சு எடுத்துப் பித்தளையிலோ செய்வது மொழிபெயர்ப்பு. நான்கிலும் கடைசியே மதிக்கத்தக்கது. நல்ல பட்டறை பாஸ் ஒருவர் கையில் அது மூலத்தை விஞ்சுவதும் உண்டு. இங்கிலாந்திலிருந்து வந்ததே அசல் என்ற கொள்கையும் உறுதியானதன்று. 1990களில் பாத் நகரின் மொரிஸ் மைனர் மையம், மைனருக்கான பாகங்களை இலங்கையில் செய்வித்தே இங்கிலாந்துக்குக் கொண்டுபோனது.

முன்கிரில்லில் தொங்கும் சங்கச் சின்னங்கள் தனி இனம். 1904இல் தொடங்கிய சிலோன் ஓட்டோமொபைல் சங்கத்தின் சின்னம் இவற்றில் மூத்தது. நூலின் முகப்பில் வரும் சாத்துகவிகளைப் போல இவை காரைப் பற்றியல்ல, துரையின் தொடர்புகளைப் பற்றிப் பேசுகின்றன. அகற்றத் தேவையில்லை; மூலபாடத்தில் சேர்க்கவும் கூடாது. ஆயுதபூசைக்கு ஆயுதபூசை எருதின் நெற்றியில் ஏறிய சந்தனமும் குங்குமமும் எனாமல் வெடிப்புக்குள் இறங்கி நிறமாகவே தங்கியிருந்தால், அதைச் சுரண்டுவது ஆய்வாளரின் வேலையல்ல. கார் துரையின் கையைவிட்டு டிரைவரின் கைக்கு வந்த காலத்துச் சான்று அது.

பொருத்தும்போது சின்னத்தின் பின்னுள்ள ஊசிகளைத் துளையில் இறக்கி, உட்புறம் வில் கிளிப்பை விரலால் அழுத்தினால் போதும்; சுத்தியல் பட்டால் ஊசி முறியும். துளையைச் சுற்றிச் சிறிது மெழுகு தடவினால் நீர் இறங்காது. பக்கவாட்டுச் சின்னங்கள் இரண்டில் ஒன்றே கிடைத்தால் அதை இடப்பக்கம் பொருத்துவது பொருத்தமானது. பஸ் ஹோல்ட்டில் நிற்பவர்களுக்குத் தெரிவது அந்தப் பக்கம்தான்.